பெயர் சொல்லக் கூடாத சரக்கு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கொசு நுழையாதபடி கதவை இழுத்துவிட்டு, என் கைக்கு எட்டும் தூரத்தில் உட்காருங்கள். இன்றைக்கு உங்களுக்காக ஒரு கதை எடுத்து வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நடுவே நம் ஊர் ஹாட்டிக்காகக் கொஞ்சம் பல்லைக் கடித்தாலும் தப்பில்லை. அன்றைக்கு அவள் கடித்த கடிக்கு, அவள் வாயில் பல் மிச்சமிருப்பதே பெரிய விஷயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மூஸ் என்கிற மிருகத்தின் கதை. நான் வேட்டைக்குப் போகிறவள் இல்லை, நம் வீட்டு ஆண்களும் இன்று காட்டில் யாரும் இல்லை. அதனால் ஒருமுறை பெயரைச் சொன்னால் குற்றமில்லை. இனிமேல் கதை முடியும்வரை அந்தப் பெயர் என் வாயில் வராது.

கனடாவின் வடக்குக் காட்டில், எங்கள் கிரீ ஜனத்தின் ஊரில் அந்தக் காலத்தில் தொலைபேசி மூன்று வீட்டில்தான் இருந்தது. மற்றபடி இரண்டு பக்கமும் பேசுகிற ரேடியோதான். இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் பாதி ஊர் காட்டு முகாம்களுக்குப் போய்விடும். முகாமுக்கு ஒரு ரேடியோ. ஊருக்கான ரேடியோ ஹாட்டியின் சமையலறையில், மாவு டின்னுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. முகாம்கள், ஊர், ஏரியிலிருந்து கிளம்பும் மிதவை விமானங்களின் கம்பெனி எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் இருமினால் பதினொரு முகாமும் உடம்புக்கு என்னவென்று கேட்கும்.

ஹாட்டியின் மகள் நவோமிக்கு அப்போது ஒன்றரை வயது. நடப்பாள். நடப்பதென்ன, ஓடுவாள். ஆனால் வாசலுக்கு வெளியே அவள் கால் இன்னும் மண்ணில் பட்டதில்லை. முதல் நடை விழா முடியும்வரை எந்தக் குழந்தையையும் நாங்கள் வெளியே இறக்கிவிடுவதில்லை. சூரியன் எழும் நேரத்தில் கூடாரத்து வாசலைத் தாண்டி, பரப்பிவைத்த ஸ்ப்ரூஸ் மரக் கிளைகள்மேல் நடந்து, மரத்தைச் சுற்றி வந்து, பெரியவர்கள் கையில் விறகைக் கொடுக்கவேண்டும். பிறகு விருந்து. விருந்துக்கு அப்பன் கொண்டுவந்த இறைச்சி.

நவோமியின் விழா இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. முதல் தடவை மூன்று நாள் மழை. இரண்டாவது தடவை அவள் அப்பன் மலாக்கி வெறுங்கையோடு வந்தான். இப்போது வரும் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். அதுவும் தவறினால் ஏரி உறைந்துவிடும், ஜனம் குளிர்கால முகாம்களுக்குச் சிதறிவிடும், அடுத்த விழா வசந்தத்தில்தான். ஏழு மாதம். ஏழு மாதம் அந்த உருட்டுக்கட்டைப் பெண்ணை எங்கே போனாலும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஹாட்டி ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேடியோ கரகரத்தது. வாணலி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் மாவுக் கையோடே ஓடினாள்.

"ஹாட்டி, இருக்கியா? ஓவர்." மலாக்கி.

"இல்லாம எங்க போவேன்? சொல்லு, ஓவர்."

"சின்னதா ஒண்ணு கெடச்சிருக்கு. ஓவர்."

ஹாட்டிக்கு நெஞ்சு குளிர்ந்தது. எங்கள் ஆண்களின் பேச்சு உங்களுக்குத் தெரியாததா? சின்னதாக ஒன்று என்றால் இரண்டு படகு தாங்காது என்று அர்த்தம். 'ஏதோ இருக்கு' என்றால் ஊருக்கே போதும். உண்மையிலேயே ஒன்றும் கிடைக்காதவன்தான் வானிலையைப் பற்றி விரிவாகப் பேசுவான். பெரிசு என்று தன் வாயால் சொல்கிறவனோடு எந்த மிருகமும் சகவாசம் வைத்துக்கொள்ளாது.

"ஆனா இங்க வெயில் கொளுத்துது ஹாட்டி. செப்டம்பர் கடைசின்னே சொல்ல முடியாது. ஈ மொய்க்குது. கிளையப் போட்டு மூடி, பொகை மூட்டி வச்சிருக்கேன். இருட்டறதுக்குள்ள பிளேன் வரலைன்னா தாங்காது. அப்பா வேற அக்கரைக்குப் போயிருக்காரு. பட்டைக் கொம்பு ஊதிக்கிட்டிருக்காரு. அதனால... பாத்துப் பேசு. ஓவர்."

பார்த்துப் பேசு என்றால் பெயரைச் சொல்லாதே என்று அர்த்தம். மாமனார் ஒபதியா அக்கரையில் மரப்பட்டைக் கொம்பை ஊதி, அதன் குரலிலேயே இன்னொன்றைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இங்கே ரேடியோவில் அதன் பெயரைப் போட்டு உடைத்தால் அது கேட்கும். தன்னைக் கடைச் சாமான் மாதிரி கூவுகிறார்கள் என்று மனம் கசந்து போய்விடும். அதைவிட மோசம், கிடைத்ததைக் கெட்டுப்போக விடுவது. அப்படி விட்டவனுக்கு அது மறுபடி தன்னைத் தரவே தராது. இரண்டும் ஹாட்டிக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில்தான் அன்று அவள் மாட்டிக்கொண்டாள்.

விமானக் கம்பெனியில் பல வருஷமாக ரேடியோ பார்த்தவர் ஒரு கிழவர். 'மலாக்கிக்குச் சின்னதா ஒண்ணு' என்றால் போதும், மறு பேச்சில்லாமல் பெரிய விமானத்தை அனுப்பிவிடுவார். அவர் முட்டிக்கு வைத்தியம் பார்க்க நகரத்துக்குப் போயிருந்தார். அவர் நாற்காலியில் மூன்று வாரமாக ஒடில் என்று ஒரு பெண், பிரான்ஸிலிருந்து வந்தவள். அவளுக்குக் கிரீ தெரியாது, ஹாட்டிக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவரும் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு பேசவேண்டும்.

"வணக்கம், மேடம். சரக்கு என்னவென்று கூறுங்கள். ஓவர்."

"இறைச்சி. ஓவர்."

"என்ன இறைச்சி, மேடம்?"

"காட்டு இறைச்சிம்மா."

"காட்டில் பல இறைச்சிகள் உள்ளன. படிவத்தில் 'விலங்கின் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. புதிய விதி. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விமானம் புறப்படாது."

"பெரிய மிருகம்னு எழுதிக்கோயேன்."

"'பெரிய மிருகம்' என்பது பெயர் அன்று, மேடம்."

ஹாட்டி மேலே கூரையைப் பார்த்தாள். அதற்குள் மலாக்கி கிரீயில் குறுக்கிட்டான். "ஹாட்டி, அவசரத்துல வாயில வந்துறப் போகுது. அப்பா இன்னும் அக்கரையிலதான் இருக்காரு."

"தெரியும்யா! நீ ஈய ஓட்டு, நான் இவள ஓட்டுறேன்." பிறகு இங்கிலீஷுக்கு மாறினாள். "இங்க பாரும்மா, பேரு இப்ப சொல்ல முடியாது. அடையாளம் சொல்றேன், நீயே புரிஞ்சு எழுதிக்கோ. நாலு காலு. நீட்டுக் காலு. நின்னா அதோட முதுகு என் தலைக்கு மேல இருக்கும்."

"குதிரை."

"குதிரை இல்ல. மூஞ்சி கொஞ்சம் குதிரைதான். ஆனா குதிரையோட மூக்க யாரோ புடிச்சு இழுத்து, இழுத்த வாக்குல விட்டுட்டுப் போன மாதிரி இருக்கும். தோளுல ஒரு திமிலு."

"ஒட்டகம்."

"இங்க எங்கம்மா ஒட்டகம்! கழுத்துக்குக் கீழ தாடி மாதிரி ஒண்ணு தொங்கும்."

"ஆடு?"

"ஆட்டுக்கு எதுக்கு நான் பிளேன் கேக்கப் போறேன்? தலையில ரெண்டு பக்கமும் கொம்பு. விரிச்ச கை மாதிரி. அதுல நீ படுத்துத் தூங்கலாம்."

எதிர்முனையில் பென்சில் கீறும் சத்தம் கேட்டது. பிறகு ஒடில் மிகவும் நிதானமாகச் சொன்னாள். "மேடம், நான் ஒரு விலங்கின் பெயரைக் கேட்டேன். நீங்கள் குதிரை, ஒட்டகம், ஆடு, கொம்புள்ள வேறொன்று என நான்கு விலங்குகளைக் கூறியிருக்கிறீர்கள். நான்கும் ஒரே விமானத்தில் ஏறுமா?"

அவ்வளவுதான். அதுவரை மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்த முகாம்களுக்குப் பொறுக்கவில்லை. முதலில் நுழைந்தவள் மலாக்கியின் அக்கா பெர்த்தா. "ஹாட்டி, நீ முக்கியமானத விட்டுட்டே! தண்ணிக்குள்ள தலைய முக்கித் திங்குமே, அதச் சொல்லு!" கிரீயில் சொன்னது போதாதென்று அவளே தன் ஓட்டை இங்கிலீஷில் ஒடிலுக்கும் சொன்னாள். "அம்மா, அது தண்ணிக்கு அடியில சாப்பிடும்!"

"அப்படியானால் அது மீன். மீனுக்கு நீல நிறப் படிவம். சற்றுப் பொறுங்கள், எடுத்து வருகிறேன்."

"மீன் இல்ல!" ஹாட்டி கத்தினாள். "அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் சும்மா இருங்க!"

"நல்லதுக்குத்தானே சொன்னேன்..."

"நான் சொல்றேன் பாரு." இது வில்பிரட், வடக்கு முகாம்காரன், வாய் ஓயாதவன். "மழைக் கோட்டுப் போட்ட ரெண்டு ஆளு, ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் குனிஞ்சு நடந்தா எப்படி இருக்கும், அப்படி இருக்கும்னு சொல்லு ஹாட்டி. அச்சு அசல்."

"வில்பிரட், வாய மூடு!"

"எனக்கு ஒண்ணுதான் புரியல. அவங்க பிளேன் ஒண்ணுக்குப் பேரு பீவர், இன்னொண்ணு ஓட்டர். மிருகத்துப் பேரையெல்லாம் தகரத்துக்கு வச்சிட்டாங்க. நம்மகிட்ட வந்து மிருகத்துக்குப் பேரு கேக்கறாங்க."

எல்லா முகாமிலும் சிரிப்பு. ஹாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பின்னால் நவோமி கதவை நெம்பித் திறந்து, ஒரு காலை வெளியே நீட்டிவிட்டாள். ஹாட்டி மைக்கைக் கையிலும் பெண்ணின் சட்டையைக் கால்விரல் இடுக்கிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மைக்கின் கம்பி அதற்குமேல் நீளாது. பெண் அலறினாள். மைக்கின் பேசும் பட்டன் அமுங்கியிருந்ததால் அந்த அலறலும் பதினொரு முகாமுக்குப் போனது.

"மேடம்," ஒடில் குறுக்கிட்டாள். "நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறீர்கள். இத்தனை வேட்டைக்காரர்கள் இருக்கும் நாட்டில் ஒருவருக்குக்கூட அந்த விலங்கின் பெயர் தெரியாதா?"

"தெரியாம இல்லம்மா. எல்லாருக்கும் தெரியும், அதான் தொந்தரவே." ஹாட்டி நெற்றியில் மாவுக் கையை வைத்தாள். "அது கேட்டுக்கிட்டிருக்கும்."

"எது?"

"அதுதான்."

"இறந்துபோன விலங்கா கேட்கும்?"

"அது இல்ல. அதோட சொந்தக்காரங்க."

எதிர்முனையில் மறுபடி பென்சில் கீறியது. "சரி, மேடம். உங்கள் மொழிப் பெயர் வேண்டாம். இங்கிலீஷில் கூறுங்கள்."

"இங்கிலீஷ்காரன் எங்க ஆளுங்ககிட்டதானே அந்தப் பேர வாங்கிட்டுப் போனான்! ரெண்டும் ஒண்ணுதான்."

"இங்கே உள்ள பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்களே?"

"வச்சிருக்காங்க. முந்நூறு வருஷமா இந்தக் காட்டுல அதக் கத்திக்கிட்டே திரியறாங்க. அதுக்கு அந்தப் பேரும் நல்லாத் தெரியும்."

"அப்படியானால் என்னால் எதுவும் செய்ய இயலாது," என்றாள் ஒடில். அழுகிறாளோ என்று ஹாட்டிக்குச் சந்தேகம் வந்தது. அவளுக்கே அழுகை வந்தது. ஒருத்தி கட்டத்தை நிரப்பாமல் விடமாட்டாள், ஒருவன் சின்னதுக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டான், பாக்கிப் பேர் சிரிப்பதற்கென்றே பேட்டரி வாங்கி வைத்திருக்கிறார்கள். எல்லாம் என் தலையில்தானா என்று அவள் மாவு டின்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஹாட்டி." மலாக்கியின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "தொடைப் பக்கம் சூடு ஏறுது. பொகை போட்டும் நிக்கல. இன்னும் ஒரு மணி நேரத்துல பிளேன் கெளம்பணும். இல்லேன்னா..."

ஹாட்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பெயரைச் சொல்லிவிடுவது. அக்கரையில் மாமனார் வெறுங்கையோடு திரும்பட்டும், குளிர்காலம் முழுக்கத் தன்னோடு பேசாமல் இருக்கட்டும், பாவம் தன்னோடே போகட்டும். கொடுத்ததை அழுகவிடுகிற பாவத்தைவிட இது தேவலை. அவள் நவோமியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தாள்.

"ஒடில், எழுதிக்கோம்மா. சொல்றேன்."

பதினொரு முகாமும் கப்சிப். வில்பிரட்கூட வாய் திறக்கவில்லை. "ஹாட்டி, வேணாம்டி," என்று பெர்த்தா மட்டும் மெதுவாகச் சொன்னாள். ஹாட்டி மூச்சை இழுத்தாள்.

"ஒரு நிமிடம், மேடம்!" ஒடில் குறுக்கே விழுந்தாள். "பொறுங்கள். நீங்கள் கூறக் கூற நான் படிவத்தின் பின்புறம் வரைந்துகொண்டிருந்தேன். கால், மூக்கு, திமில், தாடி, கொம்பு. இப்போது தாளைத் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். இதை எனக்குத் தெரியும்! சிறு வயதில் என் வகுப்பறைச் சுவரில் இதன் படம் இருந்தது. வடக்கே பனி நாடுகளில் வாழும் விலங்கு, பிரான்ஸில் நாங்கள் இதை ஏலான் என்போம்! இது ஏலான்தானே?"

ஹாட்டி விட்ட மூச்சில் மாவு பறந்தது. ஏலான். அவள் அந்தச் சொல்லை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். வாழ்நாளில் கேட்டதில்லை.

"அந்தப் பேர இந்தப் பக்கம் யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா?" என்றாள் ஜாக்கிரதையாக.

"இல்லை, மேடம்."

"உங்க ஊர்க் காட்டுல அது இருக்கா?"

"இல்லை. சுவரில் மட்டும்தான்."

ஹாட்டி கிரீக்கு மாறினாள். "மலாக்கி, ஏலான்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாதே. ஏதாவது மருந்தா?"

"அண்ணி?"

"கேள்விப்பட்டதே இல்ல."

"எனக்கே தெரியலைன்னா," என்றான் வில்பிரட், "அதுக்கு எங்கேருந்து தெரியப் போகுது?"

தங்களைத் தவிர வேறு யாரோ, எங்கோ, கடலுக்கு அப்பால், படத்துக்கு வைத்த பெயர். இந்தக் காட்டில் எந்தக் காதிலும் விழாத பெயர். ஹாட்டிக்கு ஒடிலைக் கட்டிப்பிடித்து முத்தமிட வேண்டும்போல இருந்தது. கூடவே இரண்டு அறை கொடுக்க வேண்டும்போலவும் இருந்தது. அரை மணிக்கு முன்னால் வரைந்திருக்கக் கூடாதா?

"எழுதிக்கோ தாயி. ஏலான். ஒண்ணு."

"நன்றி, மேடம். அளவு சிறியதா, பெரியதா?"

"மலாக்கி, எவ்வளவு பெருசு?"

"சொன்னேனே. சின்னதுதான்."

"ஒடில், அவரு சின்னதுன்னு சொல்றாரு. அதனால பெரிய பிளேன அனுப்பு."

"எனக்கு ஒன்றும் புரியவில்லை, மேடம்," என்றாள் ஒடில். "பெரிய விமானம் புறப்படுகிறது. ஓவர்."

விமானி ரெஜான் இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரன். அவனுக்கும் ஏலான் புரியவில்லை. சரக்குச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பறந்து வந்தான். ஏரியில் இறங்கி, கரையில் கிளைகளை விலக்கி, அந்த நீட்டுக் கால்களைப் பார்த்ததும், "அடப்பாவிகளா, இது நம்ம..." என்று ஆரம்பித்தான். மலாக்கி கையிலிருந்த கொழுப்புத் துண்டை அவன் வாயில் திணித்துவிட்டான். மென்று முடிப்பதற்குள் பாதிச் சரக்கு ஏறிவிட்டது. வெளிச்சம் போவதற்குள் ஊர்த் துறையில் இறக்கினார்கள். முகர்ந்து பார்த்த பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நல்லது, கெடவில்லை. மறுநாள் காலையில் ஒபதியாவும் வந்து சேர்ந்தார். படகு விளிம்புவரை தண்ணீரில் அமுங்கியிருந்தது. "ஏதோ கொஞ்சம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சூரியன் எழும்போது நவோமியைக் கூடாரத்து வாசலில் இறக்கிவிட்டார்கள். குழந்தை மண்ணைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது. அப்புறம் ஒரு ஓட்டம்! மரத்தைச் சுற்றவும் இல்லை, பெரியவர்களைப் பார்க்கவும் இல்லை. விறகைப் போட்டுவிட்டு ஏரியை நோக்கி ஓடியது. புதுப் பாவாடை கட்டிய மூன்று பெண்கள் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஹாட்டி ஓடவில்லை. இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, வெகு நாளைக்குப் பிறகு நேராக நின்றுகொண்டு, "ஓடட்டும் விடுங்கடி," என்றாள்.

இத்தோடு கதை முடிந்தது என்று நீங்கள் எழுந்துகொண்டால், ஹாட்டியின் தலையெழுத்து உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். அந்த இலையுதிர் காலத்திலிருந்து எல்லா முகாமும் ஏலான், ஏலான் என்றே பேச ஆரம்பித்தன. "ஏலான் தடம் பாத்தேன்", "ஏலான் சின்னதா ஒண்ணு". வேட்டையும் நன்றாகத்தான் நடந்தது. மூன்றாவது வருஷம் ஒருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. பத்து நாள், பதினைந்து நாள், வெறும் தடம். எல்லோரும் ரேடியோவில் வானிலையைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். ரேடியோவைத் தொடவே தொடாத ஒபதியா ஒருநாள் மைக்கை வாங்கி, "அதுக்கு இந்தப் பேரும் தெரிஞ்சு போச்சு," என்று சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டார்.

உடனே ஊர் முழுக்க ஹாட்டியின்மேல் பாய்ந்தது.

"நீதானே கொண்டுவந்தே, நீயே வேற பாரு," என்றாள் பெர்த்தா.

"நான் என்ன பேரு கடையா வச்சிருக்கேன்?" என்று கத்தினாள் ஹாட்டி. கத்திவிட்டு விமானக் கம்பெனியைக் கூப்பிட்டாள். ஒடில் அப்போதும் அங்கேதான் இருந்தாள். மூன்று வருஷத்தில் அவள் பேச்சும் எங்கள் பேச்சாகி, இறைச்சி என்றால் வேறு எதுவும் கேட்காமல் தாளில் ஏலான் என்று எழுதப் பழகியிருந்தாள்.

"ஒடில், அந்தப் பேரு தேஞ்சு போச்சும்மா. வேற ஊர்ல வேற பேரு ஏதாவது இருக்கா?"

"இருங்கக்கா, தடி அகராதி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்." தாள் புரளும் சத்தம். "பின்லாந்துல ஹிர்வி. ரஷ்யாவுல லோஸ். அப்புறம் எஸ்தோனியாவுல..."

"நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு!" பெர்த்தா அலறினாள். "வருஷத்துக்கு ஒண்ணா படிக்கச் சொல்லு ஹாட்டி! எல்லாத்தையும் ஒரே நாள்ல அது கேட்டு வச்சிக்கிடப் போகுது!"

ஹாட்டி மைக்கை மேசைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் தன் நெற்றியையும் வைத்தாள். பிறகு எழுந்து, மாவு டின் மூடியில் ஹிர்வி என்று எழுதி, அதற்கு நேரே அந்த வருஷத்தைப் போட்டாள்.

போய் வாருங்கள், என் செல்லங்களே. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிறவர்கள் எல்லோரும் இருட்டுவதற்குள் நல்லபடியாகத் திரும்பி வரட்டும். உங்கள் அடுப்பில் கங்கு மிச்சமிருக்கட்டும், எதிர்பாராமல் வந்து உட்காருகிறவருக்கும் உங்கள் சட்டியில் ஒரு பங்கு இருக்கட்டும். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நீடூழி நன்றாக இருங்கள்.